தெருவுக்குத் தெரு வாசக ருசி

ஒரு நகரத்தின் ஜனங்கள் எதை உண்டார்கள், எதை உடுத்தார்கள், எந்தத் தெய்வத்தை எந்த நாளில் வழிபட்டார்கள் என்பனவற்றை ஆராய்ந்து எழுதிய சரித்திராசிரியர்கள் பலர் உண்டு. அந்த ஜனங்கள் எதைப் படித்தார்கள் என்று தெருத்தெருவாக விசாரித்து எழுதியவர்களோ மிகச் சிலர். படிப்பு தனிமையில் நிகழ்வதாகையால் அதன் சுவடு வெளியே தெரியாது என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆனால் புத்தகங்களை வீட்டுக்கு இரவல் கொடுக்கும் பொது நூல்நிலையங்கள் தோன்றிய பிறகு, இன்ன வட்டாரத்தார் இன்னவகை நூல்களை நாடினார்கள் என்பதற்குச் சாட்சியம் கிடைக்கத் தொடங்கியது. அச்சாட்சியம் மிகுதியாகக் காணப்படும் நகரங்களுள் நியூயார்க் முக்கியமானது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் கடல் கடந்து அங்கே வந்திறங்கிய பல தேசத்து மக்கள், தத்தம் பாஷையோடும் பண்டிகைகளோடும் தனித்தனி வட்டாரங்களில் வாழ்ந்தமையால், சில தெருக்களுக்கு ஒன்றாக அமைந்த கிளை நூல்நிலையங்களும் வெவ்வேறு முகம் கொண்டன. அக்கிளைகளின் சரித்திரத்தை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்போமானால், வாசக ருசியை உயர்ந்தது, தாழ்ந்தது என்று தரம் பிரிப்பதற்கு முன், அது எந்த வாழ்க்கையிலிருந்து பிறந்தது என்று கேட்பதே நியாயம் என்பது தெளிவாகும்.

நியூயார்க்கில் பெரிய நூல்நிலையங்கள் முன்பும் இருந்தன. ஜான் ஜேக்கப் ஆஸ்டர் என்னும் தனவந்தர் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு எழுந்த ஆஸ்டர் நூல்நிலையமும், ஜேம்ஸ் லெனாக்ஸ் சேகரித்த அரிய பிரதிகள் நிறைந்த லெனாக்ஸ் நூல்நிலையமும் பண்டிதர்களுக்குப் பெரும் பொக்கிஷங்கள். எனினும் அங்கிருந்து ஒரு புத்தகத்தையும் வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. பகல் முழுவதும் உழைக்கும் தொழிலாளி வேலை முடிந்து வரும் நேரத்தில் அக்கதவுகள் சாத்தியிருக்கும். இந்தக் குறையை நீக்கும் முயற்சி, கிரேஸ் தேவாலயத்தைச் சார்ந்த ஒரு தையல் வகுப்பிலே தோன்றியது. அங்கே ஏழைச் சிறுமியருக்குத் தையல் கற்பித்த பெண்மணிகள், அச்சிறுமியர் படிப்பதற்கு நல்ல புத்தகங்கள் இல்லாததைக் கண்டு, நன்கொடையாகச் சில நூறு புத்தகங்களைத் திரட்டி இரவல் கொடுக்க முற்பட்டார்கள். அந்தச் சிறு தர்மமே 1880ஆம் ஆண்டில் ‘நியூயார்க் இலவச இரவல் நூல்நிலையம்’ என்ற ஸ்தாபனமாகச் சட்டபூர்வமாகப் பதிவாகி, பல கிளைகளைப் பெற்று வளர்ந்தது. ஆஸ்டர், லெனாக்ஸ் ஆகிய இரண்டும் டில்டன் என்பவரின் அறக்கட்டளையோடு சேர்ந்து 1895இல் நியூயார்க் பொது நூல்நிலையம் ஆயின. 1901இல் இரவல் நூல்நிலையமும் தன் கிளைகளோடு அதில் ஐக்கியமாயிற்று.

அதே 1901இல், எஃகுத் தொழிலில் பெரும் செல்வம் திரட்டிய ஆண்ட்ரூ கார்னகி, நியூயார்க் நகரத்தில் கிளை நூல்நிலையங்கள் கட்டுவதற்கென்று 52 லட்சம் டாலர் அளித்தார். கட்டடச் செலவு தம்முடையது, நிலமும் என்றென்றைக்குமான பராமரிப்பும் நகராட்சியுடையது என்பது அவர் விதித்த நிபந்தனை. இதன்படி முதற்கிளை யார்க்வில் வட்டாரத்தில் 1902 டிசம்பரில் திறக்கப்பட்டது. 1929க்குள் மன்ஹாட்டன், பிராங்க்ஸ், ஸ்டேட்டன் தீவு ஆகிய பகுதிகளில் 39 கட்டடங்கள் எழுந்தன. புரூக்ளினும் குவீன்ஸும் தமக்கெனத் தனி நூல்நிலைய அமைப்புக்களை வைத்திருந்தன. மன்ஹாட்டன் கிளைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை: உயர்ந்த ஜன்னல்கள், கீழ்த்தளத்தில் பெரியவர்களுக்கு இரவல் கொடுக்கும் கூடம், அதன் மேல் குழந்தைகள் பகுதி, அதற்கும் மேல் படிப்பறை, உச்சியில் கட்டடத்தைப் பாதுகாத்து நிலக்கரி அடுப்பைக் கவனிப்பவர் குடும்பத்தோடு வசிக்கும் வீடு. வெளித்தோற்றத்தில் சகோதரர்களைப்போல ஒத்திருந்த இக்கட்டடங்களின் அலமாரிகளோ, தெருவுக்குத் தெரு வேறுபட்டிருந்தன.

கார்னகியின் கொடைக்கு முன்பே எழுந்த கிளை ஒன்று இதற்கு முதல் உதாரணம். மன்ஹாட்டனின் கீழைப்பகுதியில் ‘சின்ன ஜெர்மனி’ என்று வழங்கிய வட்டாரத்தில், இரண்டாம் அவென்யூவில், 1884ஆம் ஆண்டு ஆட்டன்டார்ஃபர் கிளை திறக்கப்பட்டது. அதைக் கட்டிக் கொடுத்த ஆஸ்வால்ட் ஆட்டன்டார்ஃபர் ஒரு ஜெர்மன் தினசரியின் அதிபர். 1848ஆம் ஆண்டுப் புரட்சியிலே கலந்துகொண்டு, அது தோல்வியுற்றபின் தாய்நாட்டை விட்டு வந்தவர். முதலில் வைத்த ஏறக்குறைய 8,000 புத்தகங்களில் பாதி ஜெர்மன், பாதி இங்கிலீஷ். இந்தப் பங்கீட்டிலே ஓர் ஆழ்ந்த விவேகம் இருக்கிறது. வந்தேறிய மனிதன் புதிய நாட்டின் பாஷையைக் கற்கவேண்டும்; அதற்காகத் தன் பாட்டனார் படித்த நூல்களை மறக்கவேண்டும் என்பதில்லை. கட்டடத்தின் முகப்பில் ஜெர்மன் பாஷையிலேயே ‘இலவச நூல்நிலையமும் படிப்பகமும்’ என்று பொறித்திருந்ததால், இங்கிலீஷ் ஓர் எழுத்தும் அறியாத தச்சனும் பேக்கரித் தொழிலாளியும் இது தமக்காக ஏற்பட்ட இடம் என்பதை வாசலிலேயே அறிந்துகொண்டார்கள். ஜெர்மனியில் ஆரம்பக் கல்வி நெடுங்காலமாகப் பரவியிருந்தபடியால், வாசிக்கும் பழக்கத்தைக் கப்பலிலேயே கொண்டுவந்தவர்கள் அவர்கள். நூல்நிலையம் அப்பழக்கத்துக்கு ஒரு வீடு கொடுத்தது.

ஜெர்மானியர் தெருக்களுக்குத் தெற்கே சிறிது தூரம் சென்றால் காட்சி மாறும். ரஷ்ய சாம்ராஜ்யத்தின் கொடுமைகளுக்குத் தப்பி வந்த யூதர்கள், காற்றும் வெளிச்சமும் புகாத அடுக்கு வீடுகளில் நெருங்கி வாழ்ந்து, ஆடை தைக்கும் தொழிற்கூடங்களில் பகலெல்லாம் உழைத்து வந்தார்கள். சாத்தம் சதுக்கம், ரிவிங்டன் தெரு, சூவர்ட் பார்க் ஆகிய கிளைகள் அவர்கள் நடுவே அமைந்தவை. பள்ளிக்கூடம் விட்டதும் புத்தகம் பெறுவதற்காகக் குழந்தைகள் படிக்கட்டு வழியே தெருவரையில் வரிசையாக நின்ற காட்சியை அக்காலத்துப் பத்திரிகைகள் வியந்து எழுதின. வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லாதவர்களை உத்தேசித்து, 1905இல் திறந்த ரிவிங்டன் தெருக் கிளையிலும் 1909இல் திறந்த சூவர்ட் பார்க் கிளையிலும் மொட்டைமாடியையே திறந்தவெளிப் படிப்பகமாக்கினார்கள். கோடைக்கால மாலைகளில் நகரத்தின் கூரைகளுக்கு மேலே அமர்ந்து அந்த ஏழை மக்கள் படித்தார்கள்.

அவர்கள் படித்தவை எவை? யித்திஷ், ஹீப்ரு, ரஷ்யன் ஆகிய பாஷைகளின் நூல்களும், சரித்திரம், சமூக சாஸ்திரம், பொருளாதாரம், விஞ்ஞானம் பற்றிய நூல்களும், டால்ஸ்டாய், இப்ஸன் போன்ற ஆசிரியர்களின் படைப்புக்களும் அங்கே மிக்க மதிப்புப் பெற்றன. அன்றைய அமெரிக்க நூல்நிலைய உலகத்தில் பெரிய விவாதம் ஒன்று நடந்துகொண்டிருந்ததை இங்கே நினைவுகூர வேண்டும். நாடெங்கும் இரவல் போகும் புத்தகங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் நாவல்களாக இருந்தமையால், பொதுஜனங்களின் வரிப்பணத்தைக் கதைகளுக்குச் செலவிடுவது தகுமா என்று நூலகர்கள் பலர் கவலையுற்றார்கள். ஒரு வாசகர் இரண்டு புத்தகம் எடுத்தால் அவற்றுள் ஒன்றே நாவலாக இருக்கலாம் என்று சில இடங்களில் விதியும் செய்தார்கள். அவ்வாறு கவலைப்பட்டவர்களுக்கு, மிக வறிய வட்டாரத்தின் கிளையிலே மிகக் கனமான நூல்கள் கைமாறிய செய்தி ஆச்சரியமாகவே இருந்திருக்கும். செல்வமும் ஓய்வும் உள்ள இடத்திலேதான் உயர்ந்த ருசி வளரும் என்ற கொள்கையை அந்தத் தையற்காரர்கள் பொய்யாக்கினார்கள். கல்வியை மதக் கடமையாகவே போற்றிய ஒரு பாரம்பரியமும், தொழிற்சங்கங்களிலும் அரசியல் கூட்டங்களிலும் இரவுதோறும் நிகழ்ந்த வாதப் பிரதிவாதங்களும் அவர்களுடைய படிப்பை உருவாக்கின. சூவர்ட் பார்க் கிளையின் தலைவியாக இருந்த எர்னஸ்டின் ரோஸ் என்ற அம்மையார், ரஷ்ய யூதர்களுக்கும் பிற குடியேறிகளுக்கும் தொண்டு செய்த அனுபவத்தை 1917இல் ஒரு சிறு நூலாகவே எழுதி வெளியிட்டார்.

கிழக்கு நதிக்கரையில் வடக்கே சென்றால் 78ஆம் தெருவின் அருகே வெப்ஸ்டர் கிளை. சுருட்டுச் சுற்றும் தொழிலில் ஈடுபட்டிருந்த செக் மக்கள் அப்பகுதியில் நிறைந்திருந்தார்கள். அமெரிக்காவுக்கு வந்து குடியேறிய இனத்தாரில் எழுத்தறியாதவர்கள் மிகக் குறைவாக இருந்த கூட்டத்தாருள் செக் மக்களும் அடங்குவர். ஆஸ்திரிய ஆட்சியின் கீழ்த் தங்கள் பாஷையைக் காத்துக்கொள்ளப் போராடிய சமூகம் அது. ஆகவே தாய்மொழி நூலைப் படிப்பது அவர்களுக்குத் தேசபக்தியின் ஓர் அங்கமாகவே ஆயிற்று. வெப்ஸ்டர் கிளை செக் நூல்களைப் பெரிய தொகுதியாகத் திரட்டியதோடு, அந்தப் பாஷை பேசும் ஊழியர்களையும் நியமித்தது. கைகள் புகையிலையிலே உழன்றாலும், மாலையில் தங்கள் பாஷையில் தங்கள் நாட்டுச் சரித்திரத்தை எடுத்துப் படிக்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது.

இத்தாலியர் வட்டாரங்களில் நூல்நிலையத்தின் வேலை இவ்வளவு சுலபமாக இல்லை. தென் இத்தாலியிலிருந்து வந்த உழவர்களிலும் கூலிகளிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதைக் கண்டு அவர்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்று முடிவு கட்டியவர்களும் உண்டு. பள்ளிக்கூடத்தையே காணாத கிராமங்களில் பிறந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தவர்களோடு ஒப்பிட்டு ருசியை அளப்பது பெரிய அநீதி. இந்த இடத்திலே குழந்தைகள் பகுதி செய்த சேவை அளவற்றது. 1906 முதல் 1941 வரை நியூயார்க் நூல்நிலையங்களின் குழந்தைகள் பணிக்குத் தலைமை வகித்த ஆன் கரோல் மூர் என்ற அம்மையார், தன் பெயரைத் தானே எழுதத் தெரிந்த எந்தக் குழந்தையும், புத்தகங்களைப் பத்திரமாகக் காப்பதாக வாக்குக் கொடுத்துக் கையெழுத்திட்டுப் புத்தகம் பெறலாம் என்று ஏற்பாடு செய்தார். கதை சொல்லும் நேரங்களையும் அவர் கிளைதோறும் நிலைநாட்டினார். எழுத்தறியாத பெற்றோரின் வீட்டுக்குள் புத்தகம் முதன்முதலாகக் குழந்தையின் கையோடு நுழைந்தது. 

இந்த ஒப்பீட்டின் மகுடமாக விளங்குவது ஹார்லெமிலுள்ள 135ஆம் தெருக் கிளை. 1905இல் அது திறந்தபோது சுற்றிலும் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளையர். பதினைந்து ஆண்டுகளுக்குள், தென் மாகாணங்களின் கொடுமையிலிருந்தும் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் வந்த நீக்ரோ மக்களின் தலைநகரமாக ஹார்லெம் மாறிவிட்டது. அலமாரிகளோ மாறவில்லை. 1920இல் சூவர்ட் பார்க்கில் பழகிய எர்னஸ்டின் ரோஸ் இக்கிளைக்குத் தலைவியாக வந்தார். வெள்ளை இனத்தவரான அவர், இந்தத் தெருவுக்குத் தொண்டு செய்ய இந்தத் தெருவின் மக்களே முன்னே நிற்கவேண்டும் என்று உணர்ந்து, அவ்வாண்டிலேயே காதரின் லாட்டிமர் என்னும் நீக்ரோ மாதை நூலகராக நியமித்தார். நியூயார்க் பொது நூல்நிலையத்தில் அந்த இனத்தைச் சேர்ந்த முதல் நூலகர் அவரே. பின்னர் நாவலாசிரியையாகப் பெயர்பெற்ற நெல்லா லார்ஸனும் இங்கே குழந்தைகளுக்கு நூலகராக இருந்தார்.

வந்த வாசகர்கள் தங்களைப் பற்றிய நூல்களைக் கேட்டார்கள்; தங்கள் இனத்தின் சரித்திரத்தை, கவிதையை, தலைவர்களின் வரலாற்றைக் கேட்டார்கள். இருந்தவை கொஞ்சமே, கேட்டவர்களோ பலர். கைமாறிக் கைமாறி அப்புத்தகங்கள் கிழிந்துபோகும் நிலை வந்ததனால், அரிய நூல்களை இரவல் கொடாமல் அங்கேயே வைத்துப் படிப்பதற்கென்று 1925இல் நீக்ரோ இலக்கியம், சரித்திரம், சித்திரம் ஆகியவற்றுக்குத் தனிப் பகுதி திறந்தார்கள். மறு ஆண்டு ஆர்ட்டுரோ ஷோம்பர்க் என்பவரின் பெருந்தொகுப்பு இதனுடன் சேர்ந்தது. போர்ட்டோ ரிக்கோவிலே பிறந்த ஷோம்பர்க்கிடம் இளம்பிராயத்தில் ஓர் ஆசிரியர், கறுப்பு மக்களுக்குச் சரித்திரமே கிடையாது என்று கூறினாராம். அதைப் பொய்ப்பிக்கவே அவர் வாழ்நாள் முழுவதும் நூல்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் தேடித் திரட்டினார் என்று சொல்வதுண்டு. கார்னகி அறநிதி 10,000 டாலர் கொடுத்து அத்தொகுப்பை வாங்கி நூல்நிலையத்துக்கு அளித்தது. 1932 முதல் 1938இல் காலமாகும் வரையில் ஷோம்பர்க்கே அதன் காப்பாளராக இருந்தார். ஒரு தெருவின் வாசகர்கள் கேட்ட கேள்வியிலிருந்து பிறந்த அப்பகுதி, இன்று உலகெங்குமுள்ள அறிஞர்கள் நாடிச்செல்லும் ஷோம்பர்க் ஆராய்ச்சி நிலையமாக விளங்குகிறது. ருசி கீழிருந்து மேலே சென்று ஒரு பெரிய ஸ்தாபனத்தையே படைத்ததற்கு இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் கிடைப்பது அரிது.

இதே 135ஆம் தெருக் கிளையிலே 1921இல் பணியிற் சேர்ந்த பூரா பெல்ப்ரே என்னும் பெண்மணி, நியூயார்க் நூல்நிலையத்தின் முதல் போர்ட்டோ ரிக்கோ நூலகர். தம் பாட்டியிடம் கேட்ட நாடோடிக் கதைகளுள் ஒன்றுகூட அலமாரியில் இல்லாததைக் கண்டு, அவர் அவற்றைத் தாமே குழந்தைகளுக்குச் சொல்லத் தொடங்கினார். 1929இல் ஸ்பானிஷ் பேசும் மக்கள் பெருகிவந்த 115ஆம் தெருக் கிளைக்கு மாறி, இரண்டு பாஷைகளிலும் கதை சொன்னார். அவர்களுடைய பண்டிகையாகிய மூன்று அரசர் திருநாளை நூல்நிலையத்திலேயே கொண்டாடச் செய்தார். மார்ட்டினா என்ற கரப்பான்பூச்சியும் பெரெஸ் என்ற எலியும் காதலித்த கதை 1932இல் அவர் எழுத்தில் புத்தகமாயிற்று. வாசகர் கேட்கும் நூல் உலகத்தில் இல்லையென்றால் அதைப் படைத்தே தருவது என்ற அளவுக்கு ஒரு நூலகரின் அன்பு சென்றது.

தெருக்கள் நிலைத்து நிற்பவை அல்ல. 1904 ஜூன் மாதம் ஜெர்மானியத் தேவாலயம் ஒன்றைச் சேர்ந்த குடும்பங்கள் உல்லாசப் பிரயாணம் சென்ற ‘ஜெனரல் ஸ்லோகம்’ என்ற கப்பல் கிழக்கு நதியில் தீப்பற்றி எரிந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், மாண்டார்கள். ஏற்கெனவே குறைந்துவந்த சின்ன ஜெர்மனி அந்தத் துக்கத்துக்குப்பின் விரைவிலே கலைந்து, எஞ்சியவர்கள் வடக்கே யார்க்வில் பக்கம் சென்று குடியேறினார்கள். ஆட்டன்டார்ஃபர் கிளையின் முகப்பிலே ஜெர்மன் எழுத்துக்கள் நின்றன. உள்ளே வந்தவர்கள் வேறு பாஷைக்காரர்கள். சாத்தம் சதுக்கக் கிளையில் யூதர்களும் இத்தாலியர்களும் நிறைந்திருந்த காலத்திலேயே, அருகிலிருந்த சீனர்களை முன்னிட்டு 1911இல் சீன நூல்கள் வைக்கத் தொடங்கினார்கள். பிற்காலத்தில் அதுவே அக்கிளையின் சிறப்பாயிற்று. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் தெற்கு ஐரோப்பாவிலிருந்தும் வருவோரின் தொகையை வெகுவாகக் குறைத்தது. அமெரிக்காவிலே பிறந்த மக்கள் இங்கிலீஷ் நூல்களையே நாடினார்கள். தாத்தாவின் யித்திஷ் புத்தகமும் பேரனின் இங்கிலீஷ் நாவலும் ஒரே கிளையிலிருந்து ஒரே வீட்டுக்குச் சென்ற காலம் அது. ஒரு தலைமுறையின் ருசியை ஓர் இனத்தின் நிரந்தரக் குணமாகக் கருதுவது எவ்வளவு பிழை என்பதை இம்மாறுதல்கள் காட்டுகின்றன.

இவ்வரலாறு நமக்கு அந்நியமானதன்று. சென்னை சர்வகலாசாலையின் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீயாழி இரா. ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக விஞ்ஞான விதிகளில், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிட்டவேண்டும் என்பதையும் ஒரு விதியாக வகுத்தார். அவருடைய இடையறாத முயற்சியின் பயனாக 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறியது. வீட்டுவரியோடு சேர்த்து வாங்கும் நூல்நிலைய வரியினால் ஊர்தோறும் கிளைகள் தோன்றின. அவ்வரியைக் கொடுப்பவர்கள் ஒரே தெருவினர் அல்லர். திருவல்லிக்கேணியில் உருது பேசும் குடும்பங்கள் உண்டு. சௌகார்பேட்டையில் ஹிந்தியும் குஜராத்தியும் பேசுவோர் உண்டு. ராயபுரத்தில் கடலை நம்பி வாழும் மீனவர் உண்டு. பெரம்பூரில் ரெயில்வேத் தொழிலாளர் உண்டு. ஒரே பட்டியலைப் பார்த்து வாங்கிய ஒரே புத்தகக் கட்டை எல்லாக் கிளைகளுக்கும் அனுப்பிவிட்டு, பிறகு ஜனங்கள் படிப்பதில்லை என்று குறைகூறுவது எவ்வகையிலும் பொருந்தாது.

ஆகையால் கிளை நூல்நிலையங்களின் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் தெருவை முதலில் படியுங்கள், அங்கே என்ன பாஷை பேசுகிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று விசாரித்து அறிந்து, அதற்குப் பிறகு புத்தகப் பட்டியலைக் கையில் எடுங்கள். வாசகர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. வேண்டிய நூல் அலமாரியில் இல்லையென்றால் மௌனமாகத் திரும்பிவிடாமல், கேட்கவேண்டும், மறுபடியும் கேட்கவேண்டும். ஹார்லெம் மக்கள் கேட்டதனால்தான் அவர்களுக்கு ஒரு சரித்திரக் களஞ்சியம் கிடைத்தது.